ஜெயகாந்தன் யாரையும் வீட்டுக்குள்ள விடமாட்டாரா? அட போங்கப்பா

நம்ம மதுரை வாட்ஸ்அப் குரூப் பூராம் ஒரு ஃபார்வேர்டு சுத்துது, குன்னத்தூர் சத்திரத்துல புத்தகம் வாங்கப் போனா அங்கயும் அதே பேச்சு. இலக்கியத்துக்குக் குடுக்குற ஞானபீட விருதை வாங்குன முதல் தமிழர் எழுத்தாளர் ஜெயகாந்தனாம், சென்னையில யாரையும் சேத்துக்காம கதவைச் சாத்திக்கிட்டே எழுதுனாராம். ரெண்டுமே தப்புண்ணே.

மனுசன் இருந்த கே.கே.நகர் வீட்டு மொட்டை மாடியில ஒரு கொட்டகை, சாயங்காலமானா அங்கதான் கூட்டம் கூடும், சபைன்னே அதுக்குப் பேரு, எழுத்தாளர், சினிமாக்காரர், கட்சித் தோழர், சும்மா பாத்துட்டுப் போக வந்த வாசகர்னு எல்லாரும் உக்காந்திருப்பாய்ங்க, சிலும்பி புகையும், அவரு மீசையை முறுக்கிக்கிட்டுப் பேச ஆரம்பிச்சா நிறுத்த ஆளில்லை (மத்தவுகளுக்குப் பேச சான்ஸ் கெடைச்சுச்சாங்கறது வேற கதை). அதுக்கு முன்னாடி ஆழ்வார்பேட்டையிலயும் இதே ஜமாதான். அங்க போய் வந்தவுக எழுதுன நினைவுக் கட்டுரையே எக்கச்சக்கம், எதையாவது ஒண்ணைப் படிச்சிருந்தாக்கூட இப்படிக் கெளப்பிவிட்டிருக்க மாட்டாய்ங்க.

அப்புறம் ஞானபீடம். 1975லயே அகிலன் வாங்கிட்டாரு. ஜெயகாந்தனுக்குக் கெடைச்சது 2002க்கான விருது, அவரு ரெண்டாவது ஆளு. அகிலனை இப்படி அம்போன்னு விட்டுட்டாய்ங்களேன்னுதான் எனக்குக் கடுப்பு. ஃபார்வேர்டு போட்ட அண்ணே, அதை டெலீட் பண்ணிருங்க.