பாத்திரக்காரம்மா யாரையும் ஏமாற்றவில்லை

மூன்று நாளாக எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிற அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுக்குமாடி வாசலில் எவர்சில்வர் பாத்திரக் கூடையோடு உட்கார்ந்து, பழைய துணியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கிற அம்மாவின் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டி, "ஒரு பட்டுச்சேலைக்கு ஒரு டிபன் பாக்ஸா?" என்று கேட்கிறார்கள். கீழே "பகல் கொள்ளை", "இவங்களை கேட்டுக்குள்ளயே விடாதீங்க" என்று நூற்றுக்கணக்கில் கமெண்ட். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அவர் ஏமாற்றவில்லை. அவர் செய்தது வியாபாரம்.

அந்தச் சேலையில் இருந்தது என்ன சரிகை என்று ஒருவராவது கேட்டீர்களா? அசல் சரிகை என்றால் பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள். கரையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரியும். வெள்ளை நூல் தெரிந்தால் பெரும்பாலும் அது செம்பு இழைச் சரிகை, இல்லையென்றால் வெறும் பாலிஸ்டர் மினுமினுப்பு. அதை உருக்கி ஒன்றும் எடுக்க முடியாது. அசல் சரிகைச் சேலை வைத்திருப்பவர்கள் அதைத் தெருவில் கொடுக்கவே வேண்டாம். பழைய பட்டு எடுக்கிற கடையில் உரசிப் பார்த்துப் பணமாகவே தருவார்கள். மினுமினுப்புச் சேலைக்கு மூடி போட்ட டிபன் பாக்ஸ் கிடைத்தால் அது நல்ல விலைதான்.

அவர் எப்படி விலை போடுகிறார் என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். பேண்ட்டைக் கையில் வாங்கியதும் முதலில் முட்டி, அப்புறம் உட்காருமிடம், அப்புறம் ஜிப். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இழை விட்டிருந்தால் வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரியும். சட்டை என்றால் காலரும் அக்குளும். சேலை என்றால் ஃபால்ஸ் தைத்த கீழ்க்கரை, ஏனென்றால் தரையில் உரசி முதலில் போவது அதுதான். எல்லாம் அரை நிமிடம்.

"அக்கா, இதுக்கு அந்தத் தூக்கைக் குடுங்க."

"கண்ணு, இன்னும் ரெண்டு பேண்ட் சேத்துப் போடு, தாரேன்."

இது பேரம். இதில் மோசடி எங்கே இருக்கிறது?

வாங்கின துணி எங்கே போகிறது என்பதும் தெரிய வேண்டும். நல்ல ஜீன்ஸும் சட்டையும் துவைத்து, பட்டன் தைத்து, இஸ்திரி போட்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகும். கிழிந்த காட்டன் லுங்கியும் பனியனும் வொர்க்ஷாப்புக்கும் அச்சகத்துக்கும் துடைக்கிற துணியாகப் போகும். அங்கே பாலிஸ்டரை எடுக்க மாட்டார்கள், காட்டன் மாதிரி உறிஞ்சாது, ரொம்பச் சூடான இன்ஜினில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். அந்த பாலிஸ்டர் சேலையைத்தான் காட்டுப்பன்றிக்குப் பயந்து வயலைச் சுற்றிக் கட்டுகிறார்கள். நீங்கள் குப்பையில் போட்டிருக்கக்கூடிய துணிக்கு நாலு இடத்தில் வேலை இருக்கிறது. அந்த நாலு இடத்தையும் தெரிந்து வைத்திருப்பவர் அவர்.

அவர் படுகிற நஷ்டத்தை யாராவது வீடியோ எடுத்தீர்களா? பாத்திரத்தைக் கடையில் கடனுக்கு எடுத்து வருகிறார். ஒரு நாள் மழையில் மூட்டை நனைந்து, பிரித்து உலர்த்தாமல் வைத்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும். எவ்வளவு துவைத்தாலும் போகாது. சந்தைக்குப் போக வேண்டிய சட்டை அப்படியே துடைக்கிற துணி விலைக்கு இறங்கிவிடும். அந்த நஷ்டமும் அவர் தலையில்தான்.

"காசு கொடுத்து வாங்கட்டுமே" என்கிறார்கள். கையில் ரொக்கம் இருந்தால் அவர் ஏன் கூடை சுமக்கிறார்? "வரி கட்டுகிறாரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜிஎஸ்டி சட்டம் 7வது பிரிவில் பண்டமாற்றையும் சேர்த்தேதான் எழுதியிருக்கிறது. ஆனால் பதிவு செய்வதற்கு ஆண்டு விற்றுமுதல் வரம்பு ஒன்று உண்டு, லட்சக்கணக்கில். கூடை வியாபாரத்தில் அதை எட்ட முடியுமா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "பாத்திரம் தகடு மாதிரி இருக்கு" என்பது ஓரளவு உண்மை. அடிப்பாகத்தைக் கட்டை விரலால் அழுத்துங்கள், அமுங்கினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வேறு எடுத்துத் தருவார். இதைச் செய்யாமல் வாங்கிவிட்டு அப்புறம் கொள்ளை என்பது என்ன நியாயம்?

எனக்கு வலிப்பது வேறு. எத்தனையோ வீடுகளில் சம்பாதிக்காத பெண்ணுக்கு நூறு ரூபாய் வேண்டுமென்றால்கூட யாரிடமாவது கேட்க வேண்டும். அவள் யாரையும் கேட்காமல், தானே பார்த்து, தானே பேரம் பேசி வீட்டுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவருவது இந்தக் கூடைக்காரம்மாவிடம்தான். சிக்குமுடியைச் சேர்த்து வைத்துக் கிண்ணம் வாங்கினதும், உடைந்த பிளாஸ்டிக் குடத்துக்குப் பூண்டு வாங்கினதும் இதே கணக்குதான். அதையும் கேட்டைப் பூட்டித் தடுக்கப் போகிறீர்கள். ஆன்லைனில் பழைய போனைக் கொடுத்துப் புதுப் போன் வாங்கினால் அதற்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் என்று கைதட்டுகிற அதே ஆட்கள். அங்கே உங்கள் போனுக்கு என்ன விலை போட்டார்கள் என்று எவரும் வீடியோ எடுப்பதில்லை. அங்கே எதிரில் உட்கார்ந்திருப்பது ஏழைப் பெண் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வீடியோவை எடுத்தவர் இதைப் படித்தால் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அந்த அம்மாவின் முகம் முழுசாகத் தெரிகிறது, அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. நாளைக்கு அவர் வேறு தெருவுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

கொடுக்கிறவர்கள் துணியைத் துவைத்து நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள், பட்டனை வெட்டி எடுத்துவிட்டுக் கொடுக்காதீர்கள்.