கீழ யாருக்கு இடம்னு முதல்ல முடிவு பண்ணுங்க, ஈக்யூ எல்லாம் அப்புறம்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் இப்ப வீட்டுலயே பாட்டு பண்ற பசங்க நிறைய பேர் வந்துட்டாங்க, மனசுக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கு. படுகா பாட்டு, சர்ச் பாட்டு, கல்யாண வீடியோவுக்கு பாட்டு, எல்லாமே ஒரு லேப்டாப்ல முடிஞ்சிருது. ஆனா மிக்ஸ் பண்ணச் சொல்லி எனக்கு வர்ற ப்ராஜெக்ட்ல பாதிக்கு மேல ஒரே பிரச்சனைதான், லோ எண்ட், அதாவது பாட்டோட அடிச் சத்தம், குழம்பிக் கிடக்கு. கிக் (டிரம்ஸ்ல கால்ல அடிக்கற பெரிய டிரம்) ஓடுது, அடி விழல. பேஸ் (அடி நோட்டு வாசிக்கற கருவி) ஓடுது, என்ன நோட்டுன்னு தெரியல. "அண்ணா கிக் பத்தல, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க"ன்னு மெசேஜ் வரும். பேஸ் ட்ராக்க ஒரு மூணு டெசிபல் இறக்கி அனுப்புனா "இப்ப வந்துருச்சு அண்ணா, செம்ம"ன்னு பதில் வரும். கிக்க நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஏன் இப்படி ஆகுதுன்னா ரெண்டும் இருக்கறது ஒரே இடத்துல. நாலு கம்பி பேஸ் கிட்டார்ல அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 41 அதிர்வு), அடுத்தது 55, அப்புறம் 73, 98. கிக்கோட கனம் பெரும்பாலும் 50லருந்து 80க்குள்ள. ரெண்டு அலையும் ஒண்ணா ஏறுனா சத்தம் எக்கச்சக்கமா கூடி மாஸ்டர்ல இருக்கற, சத்தம் எல்லை தாண்டாம தடுக்கற லிமிட்டர் மொத்தப் பாட்டையும் அமுக்கிரும், பாடுன குரல் கூட உள்ள போயிரும். ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்குனா ஒண்ணையொண்ணு தின்னுரும். பேஸ் நோட்டு மாற மாற இது அடிக்கு அடி மாறும், அதனாலதான் ஒரு அடி தொம்முனு விழுது, அடுத்த அடி தக்கையா விழுது. சில நேரம் கிக் ட்ராக்ல அலைய தலைகீழா திருப்பற அந்த போலாரிட்டி பட்டன ஒரு தடவ தட்டிப் பாத்தாலே கனம் திரும்பி வந்துரும், காசு செலவில்லாத வேலை, முதல்ல அதப் பண்ணிப் பாருங்க.

ஈக்யூவ, அதாவது எந்த ஹெர்ட்ஸ ஏத்தணும் எத இறக்கணும்னு திருப்பற கருவிய, தொடறதுக்கு முன்னாடி ஒரு முடிவு எடுத்தாகணும், இந்தப் பாட்டுல அடியில யாரு இருக்கப் போறாங்க. கிக்னா, கிக்குக்கு 50, 60 பக்கம் விட்டுக் குடுத்துட்டு பேஸ 80க்கு மேல பேச விடுங்க. பேஸ்தான் அடியிலன்னா கிக் சாம்பிளே (ரெடியா ரெக்கார்ட் பண்ணி வெச்ச சத்தம்) வேற எடுக்கணும், 80, 90ல குத்திட்டு மேல 3000 பக்கம் அந்த டக்குங்கற சத்தம் இருக்கற குட்டையான கிக். இத முடிவு பண்ணாம ரெண்டு பக்கமும் ஈக்யூவ வளைச்சு வளைச்சு உக்காந்திருந்தா ராத்திரிதான் போகும். 1980ல ரோலண்ட் கம்பெனி விட்ட டிஆர்-808 டிரம் மெஷினோட அந்த நீளமான கிக்க இப்ப எல்லாரும் பேஸாவே வாசிக்கறாங்க, வாசிங்க, எனக்கும் பிடிக்கும், ஆனா அதுகூட இன்னொரு பெரிய கிக்கு, அது பத்தாம பேஸ் கிட்டாரு, அதுக்கும் மேல கீபோர்டுல இடது கை வேற, மினி பஸ்ல ரெண்டு பேர் சீட்ல நாலு பேர் உக்காந்தா யாருக்கும் மூச்சு விட முடியாதுங்க. சர்ச் பாட்டுல இது இன்னும் ஜாஸ்தி. பேஸ் வாசிக்க தனியா ஆள் இருக்கும்போதும் கீபோர்டுக்காரர் இடது கைய எடுக்கவே மாட்டாரு. மரியாதையாவே சொல்லி எடுக்க வைங்க, எந்த ப்ளகினும் அந்த அளவுக்கு சுத்தம் பண்ணாது.

நோட்டோட நீளத்தப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறாங்க, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். 100 பிபிஎம் (நிமிஷத்துக்கு 100 பீட்) பாட்டுல ஒரு பீட்டுக்கு 600 மில்லிசெகண்ட். அதுல அடுத்த கிக் விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பேஸ் நோட்ட நிறுத்திட்டீங்கன்னா கிக்குக்கு ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும், அந்த இடைவெளிதான் காதுக்கு 'அடி'யா கேக்கும். வாசிச்ச ஆளே அப்படி வாசிச்சா இன்னும் நல்லது. அதுக்கப்புறம் சைட்செயின் போடுங்க, அதாவது பேஸ் ட்ராக்ல இருக்கற கம்ப்ரசர (சத்தத்த தானா அமுக்கற கருவி) கிக்கால இயங்க வைங்க, கிக் விழும்போது பேஸ் மூணு நாலு டெசிபல் இறங்குனாப் போதும், டான்ஸ் பாட்டு மாதிரி மூச்சு வாங்கற எஃபெக்ட் வேணும்னா மட்டும் அதுக்கு மேல போங்க. ரிலீஸ, அதாவது அமுக்குன சத்தம் திரும்பி ஏறற நேரத்த, ரொம்ப வேகமா வைக்காதீங்க. 41 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுத்து முடிக்கவே 24 மில்லிசெகண்ட் ஆகும், நீங்க ரிலீஸ 5 மில்லிசெகண்ட்ல வெச்சா கம்ப்ரசர் அந்த ஒரு சுத்துக்குள்ளயே ஏறி இறங்கி அலையோட வடிவத்தையே ஒடைக்கும், பேஸ் கரகரன்னு கேக்கும். அது கிட்டார் கம்பி கோளாறுன்னு நினைச்சு கம்பி மாத்துனவங்கள எனக்குத் தெரியும்.

இப்ப நம்ம ரூமுக்கு வருவோம், இதுலதான் மலைக்காரங்க எல்லாரும் அடி வாங்கறோம். குளிருக்காக சின்னதா, தாழ்வா கட்டுன ரூமுங்க நம்மது. பத்துக்குப் பத்து ரூம்னு வைங்க. எதிரெதிர் சுவருக்கு நடுவுல 55, 56 ஹெர்ட்ஸ் பக்கம் அலை மோதித் திரும்பி நிக்கும், பேஸ் கிட்டார்ல அடியிலருந்து ரெண்டாவது கம்பி திறந்து விட்டா வர்ற அதே 55. சதுர ரூம்ங்கறதால நீளத்துலயும் அகலத்துலயும் அதே நம்பர். ரூமுக்கு நட்ட நடுவுல உக்காந்தா அந்த நோட்டு கிட்டத்தட்ட காணாமப் போயிரும், சுவர் ஓரமா போய் நின்னா கும்முனு அடிக்கும். நடுவுல உக்காந்து மிக்ஸ் பண்றவர் பேஸ் பத்தலன்னு ஏத்திக்கிட்டே இருப்பாரு. அந்தப் பாட்ட ஜீப்ல போட்டா கண்ணாடி ஆடும். சேர முன்னாடி சுவர்லருந்து ஒரு மூணே முக்கா அடி தள்ளிப் போட்டுக் கேளுங்க, நடுவ விட எவ்ளவோ மேல். மூலையில தடிமனான ராக்வூல் (கல் நார்) பேனல் நிறுத்துங்க, சுவர்ல ஒட்டற மெல்லிசு ஸ்பாஞ்சு 55 ஹெர்ட்ஸ ஒண்ணுமே பண்ணாது.

'மலை மேல காத்து மெலிசு, அதான் பேஸ் வரல'ன்னு ஒரு பேச்சு இங்க ரொம்ப நாளா இருக்கு. சத்தத்தோட வேகம் உயரத்தால மாறாது, வெப்பநிலையாலதான் மாறும். 20 டிகிரியில செகண்டுக்கு 343 மீட்டர்னா 10 டிகிரியில 337 சொச்சம். அதனால ரூம்ல நிக்கற நோட்டு ஒரு ஹெர்ட்ஸ் நகரலாம், அவ்ளோதான். ஆனா மேட்டுப்பாளையத்துலருந்து மேல ஏறி வந்தா காது அடைக்கும்ல, அது நிஜமான பிரச்சனை, அடைச்ச காதுல லோ சத்தம்தான் முதல்ல மங்கும், அன்னிக்கு வந்த உடனே மிக்ஸ்ல உக்காராதீங்க. அப்புறம் பக்கத்து வீட்டுக்காக ராத்திரி சத்தத்தக் கம்மியா வெச்சு வேலை பாக்கறோமே, அதுலயும் பேஸ் ஏமாத்தும். ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் 1933லயே இத அளந்து காட்டிட்டாங்க. 1000 ஹெர்ட்ஸ்ல 40 டெசிபலுக்குக் கேக்கற அதே அளவு 50 ஹெர்ட்ஸ் கேக்கணும்னா 75 டெசிபலுக்கு மேல வேணும். மெதுவா வெச்சுக் கேட்டு ஏத்துன பேஸ் எல்லாம் காலையில சத்தமா கேக்கும்போது தண்டமா நிக்கும்.

போன் ஸ்பீக்கர்ல இந்த 50, 60 எதுவுமே வராது, ஆனா நம்ம பாட்ட ஊர்ல பாதிப் பேர் கேக்கறது அதுலதான். பேஸுக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான கரகரப்பு) குடுத்து, 55 நோட்டோட மடங்கா 110, 165, 220ல இருக்கற ஹார்மோனிக்ஸ தூக்கி விட்டா அடி நோட்டு இல்லாமயே மூளை அத நிரப்பிக்கும்.

கடைசியா படுகா பாட்டு பண்ற தம்பிங்களுக்கு. வட்டமா நின்னு ஒரே நேரத்துல கால் வெச்சு ஆடறதுக்குத்தான் அந்தப் பாட்டே. அந்தக் காலுக்கு அடி தெளிவாக் கேக்கணும், அதனால கீழ் இடத்த மேளத்துக்கோ கிக்குக்கோ குடுங்க, சப் பேஸுக்கு (ரொம்ப அடியில இருக்கற பேஸ்) குடுக்காதீங்க. இதுல நான் விட்டுக் குடுக்கவே மாட்டேன். நிஜத் தோல் மேளத்த ரெக்கார்ட் பண்ணா இன்னொண்ணும் கவனிங்க, பனி இறங்குனா தோல் தளந்து சுதி கீழ போயிரும், தீயில காட்டுனா மறுபடி ஏறும். முதல் டேக்கும் கடைசி டேக்கும் வேற வேற உயரத்துல நிக்கும், கீழ இறங்குன டேக் நேரா பேஸ் மேல போய் உக்காரும். டேக்குக்கு டேக் காய்ச்சிட்டு எடுங்க, சாம்பிள் போட்டு மூடாதீங்க. நூறு சாம்பிள் போட்டாலும் அந்தத் தோல் சத்தம் வராதுங்க, அது இந்த மலையோட சத்தம்.

ப்ராஜெக்ட் அனுப்பறவங்க கிக், பேஸ், மேளம், கீபோர்டு இடது கை நாலையும் தனித்தனி ட்ராக்கா, கம்ப்ரசர் ஈக்யூ எதுவும் போடாம அனுப்புங்க. கூடவே யாரு கீழ இருக்கணும்னு ஒரு வரி எழுதி விடுங்க.