மக்களே

அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. டொரண்டோவில் பிறந்தவள். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசி முடிக்கும்போது என் அம்மாவிடம் "ஐ லவ் யூ பாட்டி" என்றாள். அம்மா "மக்களே..." என்று ஒரு இழுப்பு இழுத்தாள். அப்புறம் போனை என் கையில் தந்துவிட்டாள். பிள்ளைக்கு முகம் வாடிப்போனது. "பாட்டி திருப்பிச் சொல்லவே இல்லை அத்தை" என்றாள்.

சொன்னாள். அவளுக்கு அது புரியவில்லை, அதுதான் விஷயம்.

வேறு எங்கேயாவது மேடையேறி 'மக்களே' என்றால் கூட்டம் திரும்பிப் பார்க்கும். எங்கள் குமரி மாவட்டத்தில் அது ஒற்றைப் பிள்ளையைக் கூப்பிடுகிற சொல். மார்த்தாண்டம் பஸ்சில் கண்டக்டர் "மக்களே, உள்ள ஏறி நில்லு" என்பார். மக்கட்பேறு என்று குறளில் வருகிறதே, அந்த மக்கள்தான், பெற்ற பிள்ளை என்கிற பழைய பொருள். பெறாத பிள்ளைக்கும் அதையே தருகிறோம்.

அன்பைச் சொல்வதில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அம்மாவுக்கும் ஐஸ்கிரீமுக்கும் ஒரே லவ். ஸ்பானிஷ்காரர்கள் பிள்ளைகளிடமும் நண்பர்களிடமும் 'தே கியேரோ' என்பார்கள், 'தே ஆமோ' அதைவிடக் கனமானது. ஜப்பானியர்கள் 'ஐஷிதேரு' என்பதை அன்றாடம் சொல்வதே அபூர்வம், 'பிடிக்கும்' என்கிற அளவில் 'சுகி'யோடு நிறுத்திக்கொள்வார்கள். அவ்வளவு தூரம் ஏன், கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை தாண்டினாலே சொல் மாறிவிடும். எங்கள் மாமி நெய்யாற்றின்கரைக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் "எனக்கு உங்க எல்லாரோடயும் ஸ்நேகமுண்டு" என்றாளாம். நமக்குச் சிநேகம் என்றால் நட்பு, மலையாளத்தில் அதுதான் அன்பு. மருமகள் எதற்குச் சிநேகிதம் பிடிக்கிறாள் என்று எங்கள் பாட்டி குழம்பிப்போனாளாம். சமஸ்கிருதத்தில் சிநேகம் என்றால் எண்ணெய்ப் பசை என்றும் பொருள் உண்டு. ஒட்டிக்கொள்வது. எனக்கு அந்தப் பொருள் மிகவும் பிடிக்கும்.

தமிழில் அன்பு இருப்பது கூப்பிடுவதில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கூப்பிடாமல் விடுவதிலும்கூட. அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வைத்த விதி. கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கிற வள்ளுவரும் காதலுக்கென்று 25 அதிகாரம் எழுதினார், 250 குறள். காதலிக்கிற அந்த இருவருக்கும் பெயரே கிடையாது. யாருடைய காதலாகவும் அது இருக்கலாம்.

ஆனால் வீட்டுக்குள் பெயர் சொல்லாமல் இருந்த கதை வேறு. அதை அன்பு என்று பூசி மெழுக என்னால் முடியாது. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பெண்களிடம் மட்டும்தான் சொல்லி வைத்தார்கள். அம்மா அப்பாவை "பிள்ளையளுக்க அப்பா" என்பாள். அப்பா அம்மாவை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார், அல்லது தொண்டையைச் செருமுவார். நாற்பது வருஷம் அந்தச் செருமலுக்கு அடுக்களையிலிருந்து ஓடி வந்தவள் அவள். எங்கள் தலைமுறைக்கு இது வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள், ஐ லவ் யூ என்றே சொன்னாலும் சரி.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலையில் வார்டுக்குப் போனேன். அப்பா கட்டிலோரம் குனிந்து நின்றார். ஒரு கையால் அவள் தலையை லேசாகத் தூக்கி, மறுகையில் தம்ளரை வைத்துக்கொண்டு, "மக்களே, ஒரு வாய் வெள்ளம் குடி" என்றார். என்னைப் பார்த்ததும் தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அன்று சாயங்காலம் அவர் டீ குடிக்க வெளியே போன நேரம் பார்த்து அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டாள்: "காலத்த உங்க அப்பா என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாரு, கேட்டியா?"

கேட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள்.