ஆறு வார வரம்பு எல்லோருக்கும் இல்லை
இங்கிலாந்தில் குழந்தையுள்ள வீடற்ற குடும்பத்தை ஆறு வாரங்களுக்கு மேல் விடுதி அறையில் வைத்திருக்கச் சட்டம் இடம் தருவதில்லை என்று, வீடற்ற குடும்பங்கள் பற்றிய மேலுள்ள கட்டுரையின் ஆசிரியர் எழுதியிருப்பது ஏட்டளவில் சரிதான் என்றாலும், வீடற்றோருக்குத் தரும் இருப்பிடத்தின் பொருத்தம் பற்றிய 2003ஆம் ஆண்டு அரசாணையில் உள்ள அந்த வரம்பு, கழிப்பறையையோ சமையலறையையோ பிற குடும்பங்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டிய தனியார் விடுதிகளுக்கே பெரும்பாலும் பொருந்துகிறது. உள்ளூராட்சி மன்றமே நடத்தும் விடுதியும், அது நாள் வாடகைக்கு எடுத்துத் தரும், சமையல், கழிப்பறை வசதி தனக்கென்றே உள்ள தனி அறையும் அந்தக் கணக்கில் வருவதில்லை. லண்டனில் என் தங்கை, நடைபழகும் மகனுடன், அடுப்பும் கட்டிலும் ஒட்டியிருந்த அப்படியொரு தனி அறையில் ஓராண்டுக்கும் மேலாக இருந்தாள். சுடுபாத்திரத்தில் கைவைத்துவிடுவானோ என்ற பயத்தில், அவனைத் தள்ளுவண்டியில் வாரிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் சமைப்பாள். குழந்தை இருந்தால் உடனே அரசு வீடு கிடைத்துவிடும் என்று மேலே ஒரு வாசகர் எழுதியிருக்கிறார் (இதை எங்கள் உறவினர்களே பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்). குழந்தை இருப்பதால் கிடைக்கும் முன்னுரிமை தற்காலிக இருப்பிடத்துக்கு வழி செய்கிறதே தவிர, நிரந்தர வீட்டுக்குத் தனி வரிசையில் காத்திருக்கத்தான் வேண்டும். போதாக்குறைக்கு, 2011ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்துக்குப் பிறகு, தனியார் வாடகை வீடு ஒன்றைக் காட்டியே மன்றம், வீடற்றவருக்கு இருப்பிடம் தரும் தன் கடமையை முடித்துக்கொள்ள முடிகிறது. அது பொருத்தமானதாகக் கருதப்பட்டால், மறுப்பவருக்குத் தற்காலிக இருப்பிடமும் போய்விடக்கூடும். ஆகவே இந்த நிலையில் இருப்பவர்கள், காட்டப்படும் வீட்டை ஏற்றுக்கொண்டே, அது பொருத்தமற்றது என்று 21 நாட்களுக்குள் மன்றத்திடம் மறுபரிசீலனை கோர முடியும் என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.