கரண்ட் பில்லைப் பார்த்து வாக்குப் போட்டால் என்ன குற்றம்?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன், ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்தேன். பொருளாதாரம் பேச ஒரு ஐயா கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, ஏசி போட்ட மண்டபத்தில் பொன்னாடை வாங்கிக்கொண்டு, "இங்கத்தைச் சனம் பொருளாதாரத்தை விளங்கி வாக்குப் போடுறதில்லை, கரண்ட் பில்லைப் பார்த்துத்தான் போடுது" என்று சொன்னதும் பார்த்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்ததும் பார்த்தேன். அவர் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். அந்தச் சிரிப்புத்தான் தொண்டையில் நிற்கிறது. சிரித்தவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

ஐயா, கரண்ட் பில்தான் பொருளாதாரம். எங்கள் வீட்டுக்கு அது அந்த உருவத்தில்தான் வருகிறது. உங்களுக்கு அது பவர்பாயிண்டில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2022 ஆகஸ்டில் மின்கட்டணத்தை 75 வீதம் கூட்டினார்கள். அது சராசரி. மாதம் 30 அலகுக்கு உள்ளே பாவிக்கிற வீடுகளுக்கு, அதாவது இரண்டு பல்பும் ஒரு காற்றாடியும் போட்டுக்கொண்டு இருக்கிற வீடுகளுக்கு, கூடியது 264 வீதம். பிறகு அடுத்த பெப்ரவரியில் சராசரி இன்னொரு 66 வீதம். இதை 'சீர்திருத்தம்' என்று சொன்னார்கள். சரி, இருக்கட்டும், நட்டத்தில் ஓடினால் விலை கூட்டத்தான் வேண்டும், எனக்கும் விளங்குகிறது. ஆனால் கூட்டும்போது கீழே இருப்பவனுக்கு ஏன் ஆகக் கூடுதலாகக் கூடியது என்று கேட்டால், அது பொருளாதாரம் தெரியாத கேள்வியா?

எங்கள் மாமி தனியாக இருக்கிறார், பிள்ளைகள் இல்லை. அந்த இரண்டாவது கூட்டலுக்குப் பிறகு ஃப்ரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டார். போய்ப் பார்த்தால் உள்ளே அரிசி மா, சீனி, மல்லி, மிளகாய்த்தூள் எல்லாம் வரிசையாக அடுக்கி இருக்கிறது. "எறும்பு வராது மோனே, நல்ல வசதி" என்று என்னைச் சமாதானப்படுத்துகிறார். பிறகு உதவிப் பணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, கல்வீடு, ஃப்ரிட்ஜ் உண்டு என்று எழுதிக்கொண்டு போனார். பட்டியலில் மாமியின் பெயர் வரவில்லை. கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜ் ஒன்று மாமியைப் பணக்காரி ஆக்கிவிட்டது. இந்த மாமிதான் கரண்ட் பில்லைப் பார்த்து வாக்குப் போட்டவர். சிரியுங்கள்.

யார் செலவை வெட்டினாலும், யார் வரியைக் கூட்டினாலும், அது யாருடைய தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மிச்சம் எல்லாம் கோபம்.

கதையைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். 2019 கடைசியில் கோட்டாபய ஜனாதிபதியாக வந்த கையோடு வற் வரியை (பொருள் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டுகிற வரி) 15 வீதத்திலிருந்து 8 ஆக இறக்கினார். சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கிற வரியையும் நிறுத்தினார். அப்போது எங்கள் மாமிக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. பெரிய கம்பனிகளுக்கும் பெரிய சம்பளக்காரர்களுக்கும் கிடைத்தது. அந்த ஓட்டையோடு கொரோனா வந்தது, ஒரே இரவில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது (எங்கள் வெங்காயக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்), டொலர் முடிந்தது, 2022 ஏப்ரல் 12 அன்று கடன் கட்ட முடியாது என்று நாடே கையை விரித்தது. அதற்குப் பிறகு அந்த ஓட்டையை அடைக்க வற் வரி 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 ஆகிவிட்டது. இறக்கியபோது லாபம் ஒரு பக்கம், ஏற்றியபோது சுமை இன்னொரு பக்கம். சவர்க்காரம் வாங்கினாலும் போன் ரீலோட் போட்டாலும் மாமியும் 18 வீதம், ஐயாவும் 18 வீதம். சமத்துவம் என்றால் இதுதான் சமத்துவம்!

மண்ணெண்ணெய்க் கதையை மறந்துவிட்டீர்களா? 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவில் இருந்தது ஒரே இரவில் 340 ரூபா. என் மச்சான் கடல் தொழில். ஒருக்கால் போய்வர 20 லீற்றர் என்று வையுங்கள், 1,740 ரூபாவாக இருந்தது 6,800 ரூபா. வலையில் மீன் படுமா படாதா என்று தெரியாமல் விடியப்புறம் மூன்று மணிக்கு 6,800 ரூபாவைக் கடலில் ஊற்றுகிற மனிதனுக்கு 'மானியம் சந்தையைக் கெடுக்கும்' என்று வகுப்பெடுக்க ஒரு துணிவு வேண்டும். அவர் அந்த மாதம் முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போனார். மற்ற நாள் கரையில் இருந்து வலை பொத்தினார். அக்கா சங்கிலியை அடைவு வைத்தார். இதெல்லாம் எந்த ஸ்லைடில் வருகிறது ஐயா?

இப்போது கீழே வந்து எழுதப் போகிறவர்களை எனக்குத் தெரியும். முதலாவது ஆள்: "ரணில் இல்லாவிட்டால் இன்றைக்கும் வரிசையில்தான் நின்றிருப்பாய்." சரி அண்ணை, ஒத்துக்கொள்கிறேன். கோட்டாபயவுக்குப் பிறகு ரணில் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் பெற்றோல் வரிசை போனது, 70 வீதம்வரை ஏறிய பணவீக்கம் இறங்கியது, 2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) கிட்டத்தட்ட 300 கோடி டொலர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டது. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே மார்ச்சில் நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திறைசேரியில் காசில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தின மாதம் 75ஆவது சுதந்திர தினத்துக்குக் காசு இருந்தது. செலவுக் குறைப்பு என்ற பெயரில் வாக்கையே வெட்டினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. சனத்துக்கு வாக்குப் போடத் தெரியாது என்று சொல்கிற ஐயா, சனத்தின் வாக்கு நிறுத்தப்பட்டபோது எந்த மண்டபத்தில் பேசினார்?

ஊழியர் சேமலாப நிதியையும் சொல்லத்தான் வேண்டும். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கிறோம் என்று சொல்லி வங்கிகளை விட்டுவிட்டுத் தொழிலாளியின் சேமிப்பில் கை வைத்தார்கள். கடன்பட்டவர் வீட்டின் மூத்தவர், கட்டச் சொல்லி அவிழ்த்தது ஆச்சியின் சேலை முடிச்சு. வங்கி விழுந்தால் நாடு விழும் என்று விளக்கம் சொன்னார்கள். ஆச்சி விழுந்தால் ஒன்றும் ஆகாது போல.

இரண்டாவது ஆள்: "நீ அனுரவின் ஆள்." கடவுளே. 2024 ஜனாதிபதித் தேர்தலில் முன்னுக்கு நின்ற மூன்று பேரும், ரணில், சஜித், அனுர, ஒரே ஐ.எம்.எஃப். கடதாசியைத்தான் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார்கள். ரணில் அப்படியே கொண்டுபோவோம் என்றார், மற்ற இரண்டு பேரும் திரும்பப் பேசுவோம் என்றார்கள். வென்று ஜனாதிபதியாக வந்த பிறகு அனுரவும் பெரும்பாலும் அப்படியேதான் கொண்டுபோகிறார். மின்கட்டணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைப்போம் என்று மேடையில் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது, நல்லது. ஜூனில் 15 வீதம் ஏறியது, அதையும் எழுதத்தானே வேண்டும்? அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 என்று அறிவித்தார்கள், அதுவும் நல்லது. மச்சானுக்குச் சம்பளம் இல்லை, அவருக்கு என்ன என்று கேட்டால் பதில் இல்லை. நான் யாருடைய ஆளும் இல்லை. பில் வந்தால் பிரித்துப் பார்க்கிற ஆள்.

இன்னும் ஒன்று. 'விளங்காத சனம்' என்கிறீர்களே, அந்தச் சனம் என்ன செய்தது என்று பாருங்கள். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் அனுரவுக்கு விழுந்தது 27 ஆயிரம் வாக்கு. நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தில் அவருடைய கட்சிக்கு 80 ஆயிரத்துக்கு மேல், ஆறு ஆசனத்தில் மூன்று. தெற்குக் கட்சி ஒன்று இங்கே தமிழ்க் கட்சிகளை முந்தும் என்று யாராவது எதிர்பார்த்தோமா? பிறகு 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி திரும்ப முன்னுக்கு வந்தது. பொருளாதாரம் விளங்காத சனம் இப்படி மாறி மாறிப் போடாது. சின்னத்தைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதாக இருந்தால் ஒரே பக்கம்தான் விழுந்துகொண்டிருக்கும்.

"தமிழ்த் தேசியத்தை விற்றுவிட்டீர்கள்" என்று எழுத வருகிற தம்பிமாருக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் கட்சிகள் எத்தனை மேடை போட்டன, எதிலாவது வற் வரி பற்றி ஒருவர் ஐந்து நிமிடம் பேசி நான் கேட்டதில்லை. பேசியிருந்தால் மாமி அவர்களுக்கே போட்டிருப்பார்.

செலவைக் குறைக்க வேண்டும் என்கிறீர்கள். குறையுங்கள், எனக்கும் சம்மதம். 2024க்குள் இராணுவத்தை 135,000 ஆகவும், 2030க்குள் ஒரு இலட்சமாகவும் குறைப்போம் என்று 2023 ஜனவரியில் அரசாங்கமே அறிவித்தது. அந்தப் பேச்சில் ஐயா அதைப் பற்றி ஒரு சொல் சொன்னாரா? போர் முடிந்து இவ்வளவு காலம் ஆகியும் எங்கள் காணிக்குள் முகாம், ரோட்டோரத்தில் அவர்களின் தேநீர்க் கடை. அங்கே கத்தரிக்கோல் போகவில்லை. பட்டதாரிப் பிள்ளையின் வேலையில் போனது, மண்ணெண்ணெயில் போனது, மாமியின் ஃப்ரிட்ஜில் போனது.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்களுக்கா பொருளாதாரம் தெரியாது? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை என்று ஒன்றை எங்கள் தலையில் கட்டினார்கள், மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் தடைப் பொருள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு நூல்திரி. அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் ஓ.எல். பரீட்சைக்குப் படித்தோம். திரியைத் தூண்டினால் அம்மா ஏசுவா, எண்ணெய் குடிக்கும் என்று. நான்கு துளி பெற்றோலைக் காட்டி மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஒரு லீற்றரை எத்தனை இரவுக்கு நீட்டலாம் என்று பத்து வயதில் கணக்குப் பார்த்த சனத்தை, முன்வரிசையில் இருந்து சிரித்தீர்களே, நீங்களும் அந்த விளக்கில் படித்தவர்கள்தானே?

அடுத்த கூட்டத்துக்கும் ஐயாவைக் கூப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மண்டபத்தின் ஏசி பில் யார் கட்டியது என்று கொமென்டில் ஒருவராவது சொல்லுங்கள். இன்பொக்ஸில் வந்து விளக்கம் தருகிறவர்களுக்குப் பதில் போட மாட்டேன்.