மஞ்சள் தண்ணி வீடியோவும் மாசம் 18 லாரியும்

நம் குடியிருப்புக் குழுவில் சுற்றும் அந்த மஞ்சள் தண்ணி வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். இரண்டு கண்ணாடி டம்ளர், ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்ஓ விற்க வந்த தம்பி கொண்டுவந்த தண்ணீர், அதாவது உப்பை வடிகட்டும் இயந்திரத்தில் எடுத்தது. கம்பியை விட்டு ஸ்விட்சைப் போட்டதும் நம் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, கசடு கட்டி நின்றது. அவருடையது அப்படியே தெளிவாக இருந்தது. "ஐயோ, இதையா இத்தனை நாள் குழந்தைக்குக் கொடுத்தோம்" என்று பின்னால் ஒரு குரல். அரை மணி நேரத்தில் 120 வீட்டுக்கும் ஆர்ஓ, மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்று முடிவும் ஆகிவிட்டது. சம்ப் கழுவ ஆள் வைப்பதற்கு எட்டு மாதமாக முடிவெடுக்க முடியாத அதே குழு!

அந்தத் தம்பி மறுபடி வந்தால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அவருடைய 'சுத்தமான' தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு அதே கம்பியை விடட்டும். அதுவும் மஞ்சளாகும். நிறம் தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வருகிறது. அதில் ஒன்று இரும்புக் கம்பி. தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரையும், துருவாக மிதக்கும். நீங்கள் 'அழுக்கு' என்று பதறியது அந்தத் துருவைப் பார்த்துத்தான். ஆர்ஓ தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லாததால் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பி கரையாது. வித்தை அவ்வளவுதான். இளநீரில் விட்டால் இன்னும் வேகமாகக் கலங்கும். இளநீரையும் நிறுத்திவிடலாமா?

அடுத்தது அந்தப் பேனா மாதிரி மீட்டர். 290 என்று காட்டியதும் காய்ச்சல் 290 டிகிரி ஆனமாதிரி முகம் போனது எல்லோருக்கும். அந்த மீட்டர் பார்ப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை மட்டும். அதை ஓர் எண்ணால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது, அதாவது கரைந்திருக்கும் மொத்த உப்பு. கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட் எல்லாம் சேர்ந்த கணக்கு. கிருமி அதில் தெரியாது. காலராக் கிருமி கோடிக்கணக்கில் இருந்தாலும் 290 என்றுதான் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. நம்முடையது 290. 500-க்குக் கீழே டிடிஎஸ் இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய விதி கொண்டுவாருங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே மத்திய அரசுக்குச் சொன்னது. நான் மட்டும் சொல்லவில்லை என்பதற்காக எழுதுகிறேன், ஏனென்றால் நான் சொன்னால் கஞ்சத்தனம்.

மறுபடியும் சொல்கிறேன்: டிடிஎஸ் அழுக்கு அல்ல. ஆர்ஓ என்பது உப்பை எடுக்கிற இயந்திரம். நம் தண்ணீரில் எடுக்கவேண்டிய அளவுக்கு உப்பு இல்லை.

இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். கணக்கைப் பாருங்கள். வீட்டு ஆர்ஓ சாதாரணமாக ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க மூன்று லிட்டரைக் கறுப்புக் குழாய் வழியாக வெளியே தள்ளும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு வீட்டுக்கு 20 லிட்டர் என்றால் வெளியே போவது 60. 120 வீட்டுக்கு ஒரு நாளைக்கு 7,200 லிட்டர், மாதம் 2,16,000. 12,000 லிட்டர் லாரியில் 18 லாரி. ஏப்ரலில் லாரிக்குப் பணம் போடச் சொல்லி இதே குழுவில்தான் கேட்பீர்கள். 2019 ஜூனில் இதே சென்னையில் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்ததை அதற்குள் மறந்தாயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெளியே போகிற தண்ணீரின் உப்புக் கணக்கு. 290 டிடிஎஸ் உள்ள 4 லிட்டர் உள்ளே போனால் மொத்தம் 1,160 மில்லிகிராம் உப்பு. நல்ல தண்ணீரில் ஒரு 30 போனாலும், மீதி 1,130 மூன்று லிட்டரில் பிரிகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 375. சாக்கடையில் விடும் தண்ணீரே 500-க்குக் கீழே! அதைத் திறந்துவிட்டு அதன் மேல் நின்றுகொண்டு தண்ணீர்ப் பஞ்சம் பேசுகிறோம்.

"புது மாடல்கள் தண்ணீரை வீணடிப்பதே இல்லை" என்று ஒருவர் படத்தோடு போட்டிருந்தார். விளம்பரத்தை விடுங்கள், வீட்டில் அளந்து பாருங்கள். வடிகட்டிய தண்ணீர் தொட்டிக்குப் போகும் சின்னக் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விடுங்கள், கறுப்புக் குழாயை ஒரு வாளியில் விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இரண்டையும் அளவுக் குவளையால் அளங்கள். கழிவுக் குழாயில் ஃப்ளோ ரெஸ்டிரிக்டர் என்று விரல் நீளத்தில் ஒரு துண்டு இருக்கும், எவ்வளவு தண்ணீர் வெளியேற வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மெம்பிரேன் (உப்பை வடிக்கும் சவ்வு) சீக்கிரம் அடைக்கக்கூடாது, கஸ்டமர் திட்டக்கூடாது என்று சர்வீஸுக்கு வருகிறவர் பெரிய அளவைப் போட்டுவிட்டுப் போனால் வீணாவதும் கூடும். ரொம்பச் சின்னதைப் போட்டால் உப்பு படிந்து மெம்பிரேன் போகும். இன்னொன்று, இயந்திரத்தை அணைத்த பிறகும் கறுப்புக் குழாயில் சொட்டிக்கொண்டே இருந்தால் தண்ணீரை நிறுத்தும் மின்வால்வு (சொலினாய்டு) மூடவில்லை என்று அர்த்தம். ராத்திரி முழுக்க ஓடும், சத்தமே வராது.

சரி, டிடிஎஸ் 1,500 இருக்கிற போர் தண்ணீர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு ஆர்ஓ வேண்டும், யார் வேண்டாம் என்றது? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் தின்றதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃப்ளோரைடு கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். அங்கே ஆர்ஓ ஆடம்பரம் இல்லை. ஆனால் அவர்கள் பேரைச் சொல்லி மெட்ரோ தண்ணீர் வருகிற வீட்டில் மாட்டாதீர்கள்.

"ஆர்ஓ தண்ணீர்தான் ருசி" என்கிறார் ஒருவர். ஒரு மாதம் பானைத் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசட்டும். "ஆர்ஓ குடித்தால் எலும்பு உருகும்" என்று எனக்கு ஆதரவாகவே வந்த ஃபார்வர்டும் வேண்டாம். கால்சியத்தில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது.

உண்மையில் உடம்புக்கு வரும் வினை வேறு இடத்தில் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கிருமி வளராமல் காக்கக் கொஞ்சம் குளோரின் இருக்கும். கார்பன் ஃபில்டர் அதை எடுத்துவிடும், எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் குளோரின் மெம்பிரேனை அரிக்கும். அப்புறம் அந்தக் காவலில்லாத தண்ணீர் ஏழெட்டு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் நிற்கும். சி பிளாக்கில் மகள் பிரசவத்துக்குப் போய் 20 நாள் கழித்து வந்த பெரியவர்கள் வந்த அன்றே அந்தத் தொட்டித் தண்ணீரைக் குடித்தார்கள். பிறகு குழாய் முனையைக் கழற்றினால் உள்ளே வழுவழுவென்று பாசிப் படலம். நாலு நாள் ஊருக்குப் போனாலே தொட்டியை முழுதாக இரண்டு முறை காலி செய்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும். வாங்கும்போது யாராவது சொன்னார்களா?

இதைவிடக் கொடுமை, டிடிஎஸ் ரொம்பக் குறைந்துவிட்டது, சப்பென்று இருக்கிறது என்று புகார் சொன்னால் வந்து ஒரு திருகைத் திருகுவார்கள். டிடிஎஸ் அட்ஜஸ்டர் அது. ஆர்ஓவுக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் நல்ல தண்ணீரோடு கலக்கும் வால்வு. உப்பை எடுக்கக் காசு, எடுத்த உப்பைத் திரும்பச் சேர்க்க இன்னொரு திருகு. அதற்குப் பிறகு கிருமியைக் கொல்லும் யுவி (புற ஊதா) விளக்கு இல்லாத இயந்திரமென்றால், கலந்த தண்ணீரில் கிருமி இருந்தால் அதுவும் அப்படியே டம்ளருக்கு வரும்.

"எங்க காசு, எங்க தண்ணி, உங்களுக்கு என்ன?" இதைக் கேட்டவர் பெயரைச் சொல்லமாட்டேன். சம்ப் மோட்டார் எரிந்தபோது ராத்திரி பதினொரு மணிக்கு "சார், கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்ட அதே எண்ணிலிருந்துதான் வந்தது. காசு உங்களுடையது சரி. தண்ணீர் 120 வீட்டுக்கும் ஒரே சம்பிலிருந்துதான் ஏறுகிறது. என்னைக் 'குடத்துக் காலத்து ஆள்' என்று சொன்னதற்குக் கீழே சிரித்து வைத்த பதினாறு பேருக்கும் அதே சம்ப்தான்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் செய்து தருவார்கள். டிடிஎஸ் மட்டும் கேட்காதீர்கள். கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு, கோலிஃபார்ம் (சாக்கடை கலந்ததைக் காட்டும் கிருமி) எல்லாம் கேளுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய புட்டியில்தான் பிடிக்க வேண்டும். குழாயை இரண்டு நிமிடம் திறந்துவிட்டுப் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோங்கள். கோலிஃபார்ம் மட்டும்தான் பிரச்சினை என்று வந்தால் தளதளவெனக் கொதிக்கவைத்து மூடி வையுங்கள், அல்லது யுவி போதும். யுவி ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடச் சாக்கடைக்கு அனுப்பாது.

ஏற்கெனவே ஆர்ஓ மாட்டியவர்கள் கழிவுத் தண்ணீரை ஒரு வாளியில் பிடியுங்கள். கக்கூஸுக்கும் தரை துடைக்கவும் போதும். போர் தண்ணீர் வீடுகளில் அதைத் தொட்டிச் செடிக்கு ஊற்றாதீர்கள், மண்ணில் உப்பு ஏறி இலை நுனி கருகும். தென்னை தாங்கும்.

மற்றபடி அந்த மஞ்சள் நிறத்துக்கு இவ்வளவு பயந்தவர்களுக்கு ஒரு தகவல். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு சம்ப் கழுவ ஆள் வருகிறார்கள், ஒருவழியாக. மூடியைத் திறக்கும்போது யாராவது இறங்கி வந்து எட்டிப் பாருங்கள். அதையும் வீடியோ எடுங்கள்.