ஊசி குத்திக்கொள்ளப் போகிறவர்களுக்கு

அக்குபங்சர் என்று பேச்சை எடுத்தாலே இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது. ஒரு கட்சி அதெல்லாம் ஏமாற்று வேலை என்கிறது. இன்னொன்று, புற்றுநோயிலிருந்து குழந்தையின்மை வரை எல்லாவற்றையும் ஊசியாலேயே தீர்த்துவிடலாம் என்கிறது. நான் இரண்டிலும் இல்லை. ஒற்றைத் தலைவலிக்கும் கழுத்து வலிக்கும் மேற்கு மாம்பலத்தில் ஒரு டாக்டரிடம் போய் வருகிறேன். எனக்குப் பலன் இருக்கிறது. இதே சென்னையில், அக்குபங்சர் என்று போர்டு மாட்டிய ஒருவர் சுகர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, என் அத்தைக்குக் காலில் இரண்டு விரல் போய்விட்டது. இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். எதையெல்லாம் குணப்படுத்துவேன் என்று ஒருவர் சொல்வதைக் கேட்டு அவரிடம் போய்விடாதீர்கள். எதற்கெல்லாம் "இதுக்கு என்கிட்ட வராதீங்க" என்கிறார் என்று கேளுங்கள். ஆளை எடைபோட எனக்குத் தெரிந்த நல்ல வழி அதுதான்.

முதல் நாள் ஊசியைவிடப் பேச்சுதான் அதிகம் இருக்கும். தலைவலி என்று போனால் தலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்பார்கள். தூக்கம் எப்படி, மலச்சிக்கல் உண்டா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, வெந்நீர் பிடிக்குமா ஐஸ் தண்ணீர் பிடிக்குமா, கோபம் வந்தால் உடம்பில் எங்கே இறுக்குகிறது. அப்புறம் நாக்கை நீட்டச் சொல்வார்கள். நாக்கின் நிறம், மேலே படிந்திருக்கும் மாவு, ஓரத்தில் பல் பதிந்த தடம், எல்லாம் அவர்களுக்குக் கணக்கு. (அன்றைக்குக் காலையில் நாக்கை வழிக்காதீர்கள். காபி குடித்துவிட்டுப் போனாலும் நிறம் மாறித் தெரியும்.) பிறகு நாடி. நம் சித்த வைத்தியர் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பார் அல்லவா, சீன முறையிலும் மூன்று விரல்தான். ஆனால் இரண்டு மணிக்கட்டிலும் பார்ப்பார்கள். லேசாகத் தொட்டு ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை. ஒவ்வோர் இடமும் ஓர் உறுப்பைக் காட்டும் என்பது அவர்கள் கணக்கு.

உடம்பில் 'சீ' என்ற ஆற்றல் 12 முக்கியப் பாதைகளில் ஓடுகிறது, அது எங்கே தடைபடுகிறதோ அங்கே நோய் என்பது பழைய சீனக் கொள்கை. அந்தப் பாதைகளிலும் உடம்பின் நடுக்கோட்டில் ஓடும் இன்னும் இரண்டு பாதைகளிலுமாக 361 புள்ளிகளை உலக சுகாதார நிறுவனமே வரிசைப்படுத்திப் பெயரிட்டு வைத்திருக்கிறது. உடம்பை அறுத்துப் பார்த்தால் இந்தப் பாதைகள் கண்ணுக்குக் கிடைக்காது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. எந்த இடத்தில் குத்தினால் என்ன ஆகிறது என்று பல தலைமுறைகள் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்ததாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இதைக் காஞ்சிபுரத்திலிருந்து போதிதர்மர் கொண்டுபோனார் என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. போதிதர்மர் சீனா போனதாகச் சொல்லப்படுவது கி.பி. 5, 6-ஆம் நூற்றாண்டு வாக்கில். ஊசி வைத்தியத்தை விரிவாகப் பேசும் 'ஹுவாங்டி நெய்ஜிங்' கிறிஸ்துவுக்கு முன்பே தொகுக்கப்பட்ட நூல். அவர்கள் கண்டுபிடித்ததை அவர்களுடையது என்று சொல்வதில் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

சரி, ஊசிக்கு வருவோம். எல்லோரும் கேட்பது வலிக்குமா என்பதுதான். ஆஸ்பத்திரியில் போடும் ஊசி, மருந்து இறங்குவதற்காக நடுவில் துளை உள்ளது, பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இது துளையே இல்லாத மெல்லிய கம்பி. கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயைத் தோலில் நிறுத்தி, அதற்குள் ஊசியை விட்டு, மேலே ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு. தட்டியதுதான் தெரியும், உள்ளே போனது தெரியாது. அதற்குப் பிறகு டாக்டர் ஊசியை லேசாகத் திருகும்போதுதான் விஷயமே. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் 'ஹெகு' புள்ளியில் எனக்கு முதலில் போட்டபோது, கையே மரத்துப்போன மாதிரி ஒரு கனம் முழங்கை வரைக்கும் ஏறியது. வலி என்று சொல்ல முடியாது. உளைச்சல், கனம், குறுகுறுப்பு மூன்றும் கலந்த ஒன்று. அது வந்தால்தான் ஊசி பிடித்திருக்கிறது என்பார்கள். சுரீர் என்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தாலோ எரிந்தாலோ பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சொன்னால் உடனே எடுத்து வேறு இடத்தில் போடுவார்கள்.

தலைவலிக்குக் காலில் ஏன் குத்துகிறார்கள் என்று பயப்படாதீர்கள், அப்படித்தான் போடுவார்கள். போட்டபின் இருபது நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை அப்படியே படுத்திருக்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் யாராவது நிச்சயம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். நானும் பல நாள் தூங்கியிருக்கிறேன். எடுக்கும்போது எங்கள் டாக்டர் ஒவ்வொரு ஊசியையும் வாய்விட்டு எண்ணி ட்ரேயில் போடுவார். போட்ட எண்ணிக்கை நோட்டில் இருக்கும், அது சரியாக வந்தால்தான் எழுந்திருக்க விடுவார். தலைமுடிக்குள் ஒன்று தங்கிவிட்டால் தெரியாது என்பார். அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் எனக்கு அவர்மேல் முதல் நம்பிக்கை வந்தது.

சிலருக்கு மாக்ஸாவும் சேர்த்துச் செய்வார்கள். நம்மூர் மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்ந்த இலையைச் சுருட்டு மாதிரி சுற்றிப் பற்றவைத்து, தோலுக்குக் கொஞ்சம் மேலே காட்டுவார்கள். இதமான சூடு. ஆனால் புகை நெடி புடவையில் ஏறிவிடும், ஆஸ்துமா இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கப்பிங், அதாவது சின்னக் கிண்ணங்களைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்சவைப்பது, செய்தால் முதுகில் வட்ட வட்டமாகச் சிவந்து சில நாள் இருக்கும். 2016 ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் எல்லோரும் பார்த்தோமே, அதே தடம்தான்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், சிலருக்குத் தலை சுற்றி மயக்கம் வரும். முதல் தடவை முடிந்ததும் அடித்துப்போட்ட மாதிரி அசதி இருக்கலாம். அன்றைக்கு வண்டி ஓட்டாமல் ஆட்டோவிலோ மெட்ரோவிலோ வந்துவிடுவது நல்லது. குத்திய இடத்தில் துளி ரத்தமோ சின்னக் கன்றலோ சகஜம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் தாங்களே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அந்த ஹெகு புள்ளியையே தவிர்ப்பதுதான் மரபு. தோளிலும் மேல் முதுகிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் பட வாய்ப்பு உண்டு. அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. போட்டு வந்தபின் மூச்சு வாங்கினால் அக்குபங்சர்காரருக்கு போன் போட்டுக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பலன் உண்டா? வலிக்கு உண்டு. ஜெர்மனியில் நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாக வைத்துச் செய்த ஆய்வு 2007-இல் வெளியானது. சீன முறைப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ 48 சதவீதம் பேருக்கு ஆறு மாதம் கழித்தும் நல்ல முன்னேற்றம் இருந்தது. மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 27 சதவீதம். இதோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதி உண்மைதான் சொன்னவளாவேன். மூன்றாவது பிரிவில், புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தினார்கள். அவர்களிலும் 44 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம் இருந்தது. ஆகவே, புள்ளி இம்மி பிசகினால் பலிக்காது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அதே சமயம் எல்லாம் மனப்பிரமை என்பதையும் ஏற்க மாட்டேன். ஊசி பட்டால் வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் போன்றவற்றை உடம்பே சுரக்கிறது. அவற்றின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் ஊசியின் பலன் குறைகிறது என்று 1970-களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்க, தினசரி மாத்திரைக்குக் குறையாமல் இது உதவுகிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2016-இல் சொன்னது. ஜெர்மனியில் நாள்பட்ட முதுகு வலிக்கும் மூட்டுத் தேய்மானத்தால் வரும் முழங்கால் வலிக்கும் பொதுக் காப்பீட்டிலேயே பணம் தருகிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் 'நெய்குவான்' புள்ளி உதவுவதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது.

சர்க்கரை நோய், தைராய்டு, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் ஆகியவற்றை ஊசி குணமாக்கும் என்பதற்கு அப்படி எந்த ஆதாரமும் இல்லை. நம் ஊரில் போர்டில் பெரிதாக எழுதியிருப்பதோ இவற்றைத்தான்.

என் அத்தை போன இடத்தில் ஊசியே கிடையாது. நாடியைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு புள்ளியில் விரலால் தொட்டுவிட்டு அனுப்பிவிடுவார். மாத்திரை எல்லாம் விஷம், இனிமேல் தொடாதீர்கள் என்றார். கால் எரிச்சல் என்றதற்கும், புண் வந்ததற்கும், காய்ச்சல் அடித்ததற்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "கழிவு வெளியேறுதும்மா, நல்லதுதான்." நாங்கள் சண்டை போட்டும் அத்தை கேட்கவில்லை. "வாழ்நாள் பூரா மாத்திரை முழுங்கச் சொல்ற டாக்டரைவிட, தைரியம் சொல்ற இவர் மேல்டி" என்றார். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். தினம் கைநிறைய மாத்திரையை விழுங்குகிற யாருக்கும் அது இருக்கும். அதை வைத்துப் பிழைப்பு நடத்துகிறார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கால் கறுத்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். விரல்களை எடுத்த அன்று அந்த ஹீலருக்கு போன் செய்தால், நடுவில் இங்கிலீஷ் மருந்து சாப்பிட்டிருப்பீர்கள் என்றார்.

இத்தனைக்கும் அக்குபங்சரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவரே ஓர் அலோபதி டாக்டர்தான். 1938-இல் போர்க்காலச் சீனாவுக்கு உதவ இங்கிருந்து போன ஐந்து டாக்டர்களில் கோட்னிஸ் பெயர் பலருக்குத் தெரியும். அதே குழுவில் இருந்த பி.கே.பாசு பிற்பாடு மறுபடி சீனா போய் இதைக் கற்றுக்கொண்டு, 1959-இல் கொல்கத்தாவில் ஆரம்பித்தார். அலோபதிக்கு எதிரியாக இது இங்கே வந்து இறங்கவில்லை.

மாம்பலத்தில் நான் கண்ணால் பார்த்தது ஒன்று. இடது தோளில் வலி, கை இழுக்கிறது என்று ஒரு பெரியவர் வந்தார். நாடியில் கை வைத்த டாக்டர் இரண்டு கேள்வி கேட்டார். வேர்க்கிறதா, தாடை வலிக்கிறதா. "ஐயா, இதுக்கு ஊசி வேணாம். இப்பவே போய் ஈசிஜி எடுக்கணும்" என்று சொல்லி, அட்டெண்டரைக் கூட அனுப்பி ஆட்டோவில் ஏற்றிவிட்டார். பீஸ் வாங்கவில்லை. என்னிடமும் முதல் நாளே, எம்.ஆர்.ஐ. எடுத்தாயா, நியூராலஜிஸ்ட் என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டுத்தான் கையைப் பிடித்தார். மாத்திரையை நிறுத்தச் சொன்னதே இல்லை.

பதிவு பெற்ற மருத்துவர்களும் உரிய பயிற்சி பெற்றவர்களும் அக்குபங்சர் செய்யலாம் என்று மத்திய அரசு 2003-இலேயே சொல்லிவிட்டது. அந்த உரிய பயிற்சியை யார் சோதிப்பது என்பதில்தான் ஓட்டை. வார இறுதி வகுப்பு முடித்தவரும் போர்டு மாட்டிவிடுகிறார். அதனால் என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று நேராகக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். இயற்கை மருத்துவம், யோகாவுக்கான ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். பட்டப்படிப்பில் அக்குபங்சரும் உண்டு. அரும்பாக்கத்தில் அதற்கு அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, முதலில் அங்கே விசாரிக்கலாம். ஊசி உறையை உங்கள் கண் முன்னால் கிழிக்கிறாரா என்று பாருங்கள். ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றும். கழுவிப் பயன்படுத்துகிறோம் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

செலவு இடத்துக்கு இடம் மாறும். நான் ஒரு தடவைக்கு 500 ரூபாய் தருகிறேன். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை என்று ஐந்தாறு தடவையில் சின்ன மாற்றமாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விட்டுவிடலாம். முப்பது சிட்டிங்குக்கு முன்பணம் கட்டச் சொல்கிற இடத்தில் உட்காரவே வேண்டாம். எனக்குத் தலைவலி அடியோடு போய்விடவில்லை. வருவது குறைந்திருக்கிறது, வந்தாலும் ஆபீசுக்கு லீவு போடாமல் சமாளிக்க முடிகிறது. மாத்திரை இப்போதும் கைப்பையில்தான் இருக்கிறது.

பெரம்பூர், தண்டையார்பேட்டை பக்கமிருந்து நிறையப் பேர் இன்பாக்ஸில் இடம் கேட்கிறார்கள். வடசென்னையில் முறையாகப் படித்தவர், புது ஊசி மட்டுமே பயன்படுத்துபவர் யாரையாவது நீங்களே போய்ப் பார்த்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.